பாட்டியும் கேள்வி கேட்கலாம்

வாக்களிக்கும் வாய்ப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது. இடைப்பட்ட நாள்களில் அரசிடம் கேள்வி கேட்பதும், குறை கூறுவதும், கருத்துரைப்பதும் குடிமக்களின் உரிமையே. இன்று இவை பெரும்பாலும் இணையத்தளங்களின் வழியே நடைபெறுகின்றன. அத்தளங்கள் யாரை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்படுகின்றன என்பதே என் வினா.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நடுவண் அரசு அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் குடிமக்கள் எவரும் தகவல் கேட்கலாம். 30 நாள்களுக்குள் விடை தருதல் வேண்டும். காரணம் கூறுமாறு அலுவலர் வற்புறுத்தக் கூடாது. இவற்றைவிட என்னைக் கவர்ந்த விதி வேறொன்று. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதனை எழுத்தில் வடிக்கப் பொதுத் தகவல் அலுவலரே உதவ வேண்டும் என்கிறது அச்சட்டம். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவரையும் எண்ணிப் பார்த்தே இவ்விதியை எழுதியிருக்கிறார்கள்.

அச்சட்டத்திற்கெனப் பின்னர் வந்த இணையத்தளமோ அம்மூதாட்டியை மறந்துவிட்டது. எந்த அமைச்சகம், எந்தத் துறை என்று முதலிலேயே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சிடச் சொல்கிறது. (அது சுழியமா, ஆங்கில எழுத்தா என்னும் ஐயம் எனக்கே தீர்வதில்லை!) வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் பெற்றோருக்கும் பாட்டிக்கும் நீங்களே படிவங்களை நிரப்பித் தருகிறீர்கள். நற்செயல்தான். ஆயினும், பேரப்பிள்ளைகள் அருகில் இல்லாத பாட்டி என்ன செய்வார்? சேவை மையத்திற்குச் செல்லலாமே என்பர் சிலர். தம் குறையை அயலார் முன்னிலையில் உரைக்க எல்லாரும் துணிவரோ?

மொழித் தடை இன்னும் பெரிது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தொடர்பான வரைவை நடுவண் அரசு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்க்குமாறு டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. சுரங்கத்தாலும் துறைமுகத்தாலும் வாழ்வு மாறப்போகும் உழவரும் மீனவரும் வரைவைப் படிக்கவே இயலாவிடில் எதைப் பற்றிக் கருத்துரைப்பார்கள்?

எளிமையாக வடிவமைக்க முடியாது என்பதற்கில்லை. தேர்தல் ஆணையம் 2018இல் அறிமுகம் செய்த 'சி-விஜில்' செயலியைப் பாருங்கள். தேர்தல் நடத்தை விதிமீறலைக் காண்பவர் ஒரு புகைப்படமோ, 2 நிமிடம் வரையிலான காணொளியோ எடுத்து அனுப்பினால் போதும். நிகழ்விடத்தைக் கைப்பேசியே குறித்துக்கொள்ளும். பெயரை மறைத்தும் அனுப்பலாம். 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது இலக்கு.

இதே எளிமை ஏனைய தளங்களுக்கும் வேண்டும். பேச்சை எழுத்தாக்கி மொழிபெயர்க்கும் 'பாஷினி' 2022 முதல் நடுவண் அரசிடமே இருக்கிறது. ஆதலால் கருவி இல்லை என்று கூற இடமில்லை. பாட்டி தமிழில் பேச வேண்டும்; தளம் அதனை எழுதி, அவருக்கே படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பின்னரே அனுப்ப வேண்டும். விடையும் அவ்வாறே, தமிழில், அவர் செவிக்கு வந்து சேர வேண்டும்.