முகவரியை எங்கிருந்து வாசிப்பது?

வங்கிகள் அனைத்தும் தங்கள் இணையதள முகவரியை 'பேங்க்.இன்' என முடியும் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியது. அதற்கான கெடு அவ்வாண்டு அக்டோபர் 31. போலித் தளங்களில் பணத்தை இழப்போரைக் காப்பதே நோக்கம். வங்கியல்லாத எவருக்கும் இந்தப் பெயர் கிடைக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், முகவரியில் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கே அது பயன்படும்.

அஞ்சல் முகவரியைக் கதவு எண்ணில் தொடங்கி எழுதுகிறோம். கடிதங்களைப் பிரிப்பவரோ கடைசியில் உள்ள அஞ்சல் குறியீட்டு எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த இணையப் பெயர் முறையும் அத்தகையதே. வலக்கோடியில் உள்ள 'இன்' இந்தியாவைக் குறிக்கும். அதற்கு இடப்புறம் 'கவ்' இருந்தால் அரசுக்குரியது. அதற்கும் இடப்புறம் துறையின் பெயர். 'கல்வித்தொகை.கவ்.இன்.ஏதோஒன்று.காம்' என்ற முகவரியில் அரசின் அடையாளம் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது 'ஏதோஒன்று.காம்' என்ற பெயரை விலைக்கு வாங்கியவருடையது. தமக்குரிய பெயருக்கு இடப்புறம் அவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும்.

பூட்டுச் சின்னத்தை நம்பச் சொல்லும் பழைய அறிவுரையைக் கைவிடலாம். தகவல் வழியில் களவு போகாது என்பதற்கு மட்டுமே அது சான்று. மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அன்று. கூகுள் குரோம் 2023-இல் அச்சின்னத்தையே மாற்றிவிட்டது.

இதை நடுநிலைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டிய தேவை உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி கல்வி உதவித்தொகைத் தேர்வில் வெல்லும் மாணவர், ஆண்டுக்கு ரூ.12,000 பெறத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவுசெய்தாக வேண்டும். ஆதார் எண் உள்ளிட்ட விவரங்கள் அங்கே கேட்கப்படும். பெற்றோருக்கு இணையப் பழக்கம் இல்லாத வீடுகளில், கைப்பேசியை வாங்கிப் படிவத்தை நிரப்புவதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான்.

இதற்குக் கணினி ஆய்வகம் தேவையில்லை. கரும்பலகையும் இரண்டு பாடவேளைகளும் போதும். தேர்விலும் விசைப்பலகையின் பயன் யாது என்று கேட்பதைவிட, ஐந்து முகவரிகளைக் கொடுத்து, அரசுக்கு உரியது எது என அடிக்கோடிடச் சொல்லலாம்.