பூட்டிய படிப்பகங்களைத் திறப்போம்

பொது இடம் இங்கே தானாக உருவாவதில்லை. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைச் சாதிதான் தீர்மானித்து வந்திருக்கிறது. ரயில் வந்தால் சாதி போய்விடும் என்று நம்பியவர்கள் உண்டு. ஒரே பெட்டியில் எல்லாரையும் இடித்துக்கொண்டு உட்கார வைத்தது ரயில், உண்மைதான். ஆனால் அதே ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்றிருந்தது. பெரியாரின் இயக்கம் போராடித்தான் 1941இல் அது ஒழிந்தது.

வேலையிலும் அதே கதைதான். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் இதைப் புட்டுப்புட்டு வைத்தார். நம்மவன் கேங்மேனாகச் சேர்ந்தால் உயர்வில்லாமல் அங்கேயே கிடப்பான். போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது. போர்ட்டர் என்பவன் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்யவேண்டும். தீண்டத்தகாதவனை வீட்டுக்குள் எப்படி விடுவது? பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளியின் இரண்டு எதிரிகள் என்று அவர் அறிவித்தது அந்த மேடையில்தான்.

நான் அரக்கோணத்துக்காரன். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நாலு பக்கமும் தடம் பிரியும் ஊர். நைனா கேங்மேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் சேரிக்கு இருந்த பொது இடம் ஒரு கூரைப் படிப்பகம். கழித்துப்போட்ட மரச் சிலீப்பர் கட்டைகள்தான் பெஞ்சு. வாசல் வேம்பில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதைத் தட்டினால் சனம் கூடும். வேலை முடிந்து வருகிறவர்கள் சம்மட்டி பிடித்துக் காய்ப்பேறிய கையோடு வந்து உட்காருவார்கள். குடியரசுக் கட்சிக் காலத்துப் பெரியவர் ஒருவர் அம்பேத்கர் நூல் தொகுப்பை உரக்க வாசிப்பார். எழுத்து தெரியாதவர்கள் பூனா ஒப்பந்தத்தைப் பற்றி விடிய விடிய வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன்.

அங்கேதான் மனுக்களும் எழுதப்பட்டன. லீவு, பி.எஃப். கடன், பதவி உயர்வு, தடத்தில் அடிபட்டுச் செத்தவனின் மனைவிக்குக் கருணை வேலை. ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். 'ஐயா அவர்களைத் தாழ்மையுடன் கெஞ்சி' என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். பெரியவர் வாங்கிப் பார்த்து அந்த வரியை அடிப்பார். "நாம இன்னா பிச்சையா கேக்கறோம்? சேரவேண்டியதக் கேக்கறோம். கோருகிறேன்னு போடு தம்பி." என் கவிதைக்கு மொழி கிடைத்தது அங்கேதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெண்கள் அந்தக் கூரைக்குள் வந்ததில்லை. கணவனைத் தடத்தில் பறிகொடுத்தவளும் வாசலில் நின்றுதான் மனுவுக்கு விவரம் சொன்னாள். ஊர் நமக்குச் செய்ததை நாம் நம் பெண்களுக்குச் செய்தோம்.

இன்று கூரை போய்க் கான்கிரீட் வந்துவிட்டது. அண்ணல் சிலையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. கதவில் பூட்டு. ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் மாலை போடத் திறந்தார்கள், அவ்வளவுதான். கேங்மேன் டிராக்மேனாகி, இப்போது டிராக் மெயின்டெய்னர். பேரு மாறிச்சி, சம்மட்டி மாறல. பல வேலைகள் ஒப்பந்தத்துக்குப் போய்விட்டன. ஒப்பந்தக்காரன் கூலியைப் பிடித்துக்கொண்டால் யாரிடம் மனு கொடுப்பது, எந்தச் சட்டத்தின் கீழ் கொடுப்பது என்று சொல்ல ஆளில்லை.

படித்தவர்கள் எங்கே போனார்கள்? 1956 மார்ச்சில் ஆக்ராவில் அண்ணல் மனம் நொந்து பேசியதும் இதைப் பற்றித்தான். இட ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்கள் சேரியை விட்டு நல்ல வீட்டுக்குக் குடிபோவதை யாரும் குறை சொல்ல முடியாது. போகும்போது படிப்பகத்துச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனதைத்தான் கேட்கிறோம்.

வங்கிக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் எங்கள் படிப்பகத்தை இப்போது திறக்கிறோம். மூன்று பேர் உட்கார்ந்து மனு எழுதுகிறோம், இருவர் பெண்கள். பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒரு மேசை, நாலு நாற்காலி, சட்டம் தெரிந்த ஒரு தோழர், இரண்டு மணி நேரம். சிலைக்கு மாலை போடுவதற்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

தோழர்களே, உங்கள் ஊர்ப் படிப்பகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது? விசாரியுங்கள். வாங்குங்கள். திறந்தபின் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.