களைப்பும் பஞ்சியும் ஒன்றல்ல

தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் நாலு நாளில் எழும்பிவிட வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அதற்குப் பிறகும் ஒரு மாணவி படுத்திருந்தால், "படிக்கப் பஞ்சி" என்று பெயர் சூட்டிவிடுவோம். இந்தத் தீர்ப்பு பல வேளைகளில் அநியாயமானது என்பதே என் கருத்து.

சுரப்பிக் காய்ச்சல் என்றொரு நோய் உண்டு. எப்ஸ்டைன்-பார் வைரஸால் வருவது. 1964இல் இந்த வைரஸைக் கண்டறிந்து அறிவித்த மூவரில் ஒருவர் இவோன் பார் என்ற பெண். வைரஸின் பெயரில் பாதி அவருடையது. உலகில் வளர்ந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இது தொற்றியிருக்கிறது. சிறுவயதில் தொற்றினால் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். பதின்ம வயதில் முதன்முறை தொற்றினால்தான் தொண்டை நோ, காய்ச்சல், கழுத்தில் நெறி, கடும் களைப்பு என்று ஆளைச் சாய்த்துவிடுகிறது. காய்ச்சல் விட்ட பிறகும் களைப்பு பல வாரங்கள் நிற்கலாம்.

இது எச்சில் வழியே பரவுகிறது. ஆகவே ஒரே போத்தலில் பலர் வாய்வைத்துக் குடிக்காதிருப்பது நல்லது. ஆனால் தொற்றி நாலு முதல் ஆறு வாரம் கழித்தே நோய் வெளிப்படும் என்பதால், எந்தத் தோழி தந்தாள் என்று தேடுவதில் பயனில்லை.

வவுணதீவில் இருப்பவர்கள் வலையிறவுப் பாலம் தாண்டித்தான் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பதிலாக, வீட்டில் மிஞ்சிய அன்டிபயோடிக் குளிசையைக் கொடுப்பது சரியல்ல. அது வைரஸைக் கொல்லாது. இந்த நோயில் அமொக்சிசிலின் எடுத்தால் பலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிடும். நம் மாவட்டத்தில் டெங்கும் இருப்பதால், காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். சுரப்பிக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கலாம். அடிபட்டால் அது வெடிக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் குறைந்தது மூன்று வாரமாவது வலைப்பந்தும் பாரம் தூக்குவதும் வேண்டாம்.

நோயாளி நோன்பை விட்டு, சுகமானபின் களாச் செய்யலாம் என்று மார்க்கமே இலகுவாக்கித் தந்திருக்கிறது. கடமையான நோன்புக்கே தவணை இருக்கும்போது, ஒப்படைக்கும் வீட்டு வேலைக்கும் ஏன் இல்லை? வைத்தியர் சொன்ன ஓய்வை ஆசிரியைகள் ஏற்றுக்கொள்ளட்டும். தவறிய பாடக்குறிப்புகளைத் தோழியர் நாம் கொண்டுபோய்க் கொடுப்போம்.