தூவிப் போர்வை

நெடுநல்வாடையிலே அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பப்பட்டிருந்தமையை நாம் படித்திருக்கின்றோம். பறவையின் மெல்லிறகாகிய அத்தூவியை இன்று மலைவழி நெடுநடை செல்வோர் கீழே பரப்புவதில்லை, மேலே போர்த்துகின்றனர். காரணம் யாது? வெம்மையைக் காப்பது தூவியிடையே அகப்பட்டு அசையாது நிற்கும் காற்றேயாம். உடலின் கீழ் நசுங்கிய தூவியிற் காற்றில்லை, ஆதலால் வெம்மையுமில்லை. மெக்சிக்கோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை 2,650 மைல் நீளும் பசிபிக் முகட்டுப் பாதையிலே மூட்டை சுமப்போர் பலர், உறக்கப் பையை விடுத்து, அடிப்பாகமற்ற இலேசான போர்வையை விரும்புவது இதனாலேயே.

ஓர் அவுன்ஸ் தூவி 800 கன அங்குலம் விரியுமாயின் அது உயர்தரமானது. ஓரங்களை உடலின் கீழ் மடித்துக்கொள்ளப் போதிய அகலம் வேண்டும்; இன்றேல் புரளுந்தோறும் குளிர் புகும். நிலத்தின் குளிரைத் தடுக்க நுரைப்பாயோ காற்றடைத்த பாயோ இன்றியமையாதது. நனைந்த தூவி ஒட்டிச் சுருங்கும். ஆகவே நீர்புகாப் பையிற் சுமத்தல் நன்று. வீடு திரும்பியபின் அழுத்திக் கட்டாது தளர்வாக வைத்தல் வேண்டும்.

சுமையைக் குறைத்தல் அறிவுடைமையே. ஆயினும் மலையிரவிலே உடல்வெப்பம் குன்றின் உயிருக்கே இடராகும். குறைக்கத்தக்கது எது, தகாதது எது எனத் தெளிந்தபின்னரே மூட்டையைக் கட்டுதல் வேண்டும் என்போம்.