சோழகத்தில் நெடுந்தீவு

குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பிரயாணத்தில் நெடுந்தீவை அடைந்து, தை, மாசி மாதங்களின் சாந்தமான பொழுதில் ஒல்லாந்தர் கோட்டையையும் பெருக்குமரத்தையும் பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிடும் யாத்திரிகர்கள், அத்தீவின் ஒரு முகத்தை மட்டுமே தரிசித்தவர்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். காற்று மாறுந்தோறும் அதே கரையோரத்தை மறுபடி நடந்து பார்ப்பவருக்கே அந்நிலத்தின் சுபாவம் புலப்படுகிறது.

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு மழை பொழிகையில், தென்புறத்துப் புல்வெளிப் பள்ளங்களெல்லாம் நீர் நிறைந்து நிற்க, கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகும் ஓடாது நின்றுவிடும். தையில் அவ்வெளியெங்கும் பசுமை படர, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் சந்ததியென்று சொல்லப்படும் காட்டுக் குதிரைகள் குட்டிகளோடு மேய்வதைக் காண்பது பேரானந்தம்.

வைகாசியில் சோழகக் காற்று எழுந்ததும் அனைத்தும் மாறுகிறது. சாந்து பூசாது, முருகைக்கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி முன்னோர் எழுப்பிய வேலிகள், காற்றை எதிர்த்து நில்லாமல் இடுக்குகளினூடே அதை வடித்து அனுப்பும் சாமர்த்தியத்தை அப்போதுதான் முற்றாக உணரலாம். அவற்றை இடித்துச் சீமெந்து மதில் கட்டுவது அறிவுடைமையன்று. ஆவணியிலோ, வடலிகளுக்கு நடுவே நிற்கும் முதிர்ந்த பனைகளிலிருந்து பழம் விழுந்து மணக்கும் அதே வேளையில், வெளியின் பள்ளங்கள் வறண்டு வெடித்துவிட, குதிரைகள் ஒரு வாய் நீருக்காக அலைகின்றன. கடும் வறட்சியுற்ற ஆண்டுகளில் அவை மடிந்துமிருக்கின்றன. நன்னீர் அருமையாகவே கிடைக்கும் அத்தீவில், கோடையில் தண்ணீருக்கு மனிதரே சிரமப்படுகையில், வாயில்லா ஜீவன்களின் தாகத்தை யார் கவனிப்பது?

2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பிரகடனம் நல்லதே, ஆயினும், சித்திரை முடியுமுன்னரே துரவுகளையும் கேணிகளையும் தூர்வாரி, புல்வெளியில் தொட்டிகள் அமைத்து நீர் நிரப்பாத வரையில், அது பூரண பாதுகாப்பாகாது. நெடுந்தீவுக்குத் திட்டம் வகுக்கும் அதிகாரிகள் தையில் அன்றி, ஆவணியின் நடுப்பகலில் ஒருமுறை வந்து அக்கரையை நடந்து பார்த்தபின் தம் தீர்மானங்களை எழுதவேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.