பழி காயில் கட்டியவருக்கு மட்டுமா?

டிரைவ் பொருத்திய சில மாதங்களில் மோட்டார் எரிகிறது. காயில் கட்டி வந்து மாட்டினால் திரும்பவும் எரிகிறது. பதிவேட்டில் 'ரீவைண்டிங் சரியில்லை' என்று எழுதிவிட்டு வேறு பட்டறையைத் தேடுகிறோம். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எத்தனை மீட்டர் கேபிள் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

டிரைவ் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். நூற்பாலையின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் விசிறியை 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால், விசிறி கேட்கும் திறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிக் கணக்கு அது. அந்த மீட்டர் ரீடிங்கை எல்லோரும் பெருமையாகக் காட்டுகிறோம். காட்டவும் வேண்டும்.

ஆனால் மோட்டாருக்குப் போவது சைன் அலை அல்ல. 415 வோல்ட்டைத் திருத்தினால் டிசி பக்கம் 587 வோல்ட் அளவில் நிற்கும். ஐஜிபிடி அதை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் 0.1 மைக்ரோ விநாடியில் உச்சிக்கு ஏறிவிடக்கூடியது. கேபிளில் அந்த அலை மைக்ரோ விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் ஓடும். மோட்டார் முனையில் மோதித் திரும்பும். எட்டு மீட்டர் கேபிளே போதும், அங்கே உச்ச அழுத்தம் ஏறக்குறைய இரட்டித்து 1,170 வோல்ட்டைத் தொடும். மெதுவாக ஏறும் துடிப்புகளைத் தந்த பழைய தலைமுறை டிரைவ்களில் நீளமான கேபிளும் தொல்லை தரவில்லை என்பதால்தான் நம்மில் பலருக்கு இது உறைக்கவில்லை. ஸ்விட்சிங் 4 கிலோஹெர்ட்ஸ் என்றால் இந்த அடி விநாடிக்கு ஆயிரக்கணக்கில் விழும். அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது காயிலின் முதல் சில சுற்றுகள். கையால் கட்டும் காயிலில் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒட்டிக் கிடக்கவும் கூடும். வார்னிஷ் போய்ச் சேராத காற்றிடைவெளியில் பகுதி மின்னிறக்கம் தொடங்கி, எனாமலை அரித்தே தீர்க்கும்.

'மெகர் போட்டோம், நன்றாகத்தானே இருந்தது' என்பார்கள். இருக்கும். மெகர் பார்ப்பது பாடிக்கும் காயிலுக்கும் இடையிலான காப்பை. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதற்கு சர்ஜ் டெஸ்ட் வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறையைக் குறை சொல்லும் முன், அதற்கான கூலியைத் தர நாம் தயாரா என்பதையும் யோசிக்கலாம்.

முதல் மருந்து டிரைவை மோட்டாருக்குப் பக்கத்தில் வைப்பது. முடியாவிட்டால் வெளியீட்டில் டிவி-டிடி ஃபில்டர். கேபிள் மிக நீளமென்றால் சைன் ஃபில்டர். ஸ்விட்சிங் அதிர்வெண்ணைக் குறைத்தால் அடிகளின் எண்ணிக்கை குறையும், மோட்டாரின் இரைச்சலும் சூடும் கொஞ்சம் கூடும். பவர் ஃபேக்டர் கெபாசிட்டரை டிரைவின் வெளியீட்டில் விட்டுவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை உடனே கழற்றுங்கள். கன்வேயர் போன்ற சுமையைத் தொடர்ந்து 10 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஷாஃப்ட் விசிறியின் காற்று போதாது, தனி விசிறி வையுங்கள். பேரிங் ஓட்டத்தில் ஏணிப்படிபோல் வரி விழுந்திருந்தால் கிரீஸைத் திட்டிப் பயனில்லை, ஷாஃப்ட் மின்னோட்டத்தைப் பாருங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மோட்டாரைக் காயில் கட்ட அனுப்பும்போது கேட் பாஸில் இரண்டு விவரம் சேருங்கள்: 'டிரைவில் ஓடுவது', கேபிள் நீளம் இத்தனை மீட்டர். இன்வெர்ட்டர் தரக் கம்பியும் கூடுதல் ஃபேஸ் பேப்பரும் போட வேண்டும் என்று கட்டுபவருக்குத் தெரிய வேறு வழியில்லை.