பாட்டு வாத்தியாரும் கடைசி பஸ்ஸும்

"ரெண்டே நாள்தானே அண்ணா, சனி ஞாயிறு மட்டும்தானே" என்று தங்கச்சி சொன்னதில் ஆரம்பித்தது இந்த வாரம். அந்தத் 'தானே'யை நாலு நாளாக என்னால் விழுங்க முடியவில்லை.

விஷயம் இதுதான். தங்கச்சி மகள் ஏழாம் வகுப்பு முடித்துவிட்டாள். யாரோ கொடுத்த பழைய கீபோர்டில் தானாகவே தட்டித் தட்டிப் பாட்டு எடுக்கிறாள். மொரப்பூர் ஸ்டேஷனில் ஒரு நாள் சரக்கு வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நிற்காமல் போனது. "மாமா, அது ஒரு சத்தம் இல்ல, ரெண்டு சத்தம்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் கீபோர்டில் இரண்டு கட்டைகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்து அழுத்தினாள். அசல் வண்டி. இஞ்சினில் தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று என இரண்டு ஹாரன் இருப்பது, ஐம்பது வருஷமாக ஸ்டேஷன் பக்கத்திலேயே குடியிருக்கும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படிப்பட்ட காதை வீணாக்கக் கூடாது என்பதில் குடும்பத்தில் இரண்டு பேச்சு இல்லை. எங்கே சேர்ப்பது என்பதில்தான் இருபது பேச்சு. தங்கச்சியின் போனில் சென்னை விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஏ.ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் பகுதிநேரப் படிப்பு உண்டு. அங்கே படித்த லிடியன் நாதஸ்வரம் 2019-இல் அமெரிக்க டிவி போட்டியில் பத்து லட்சம் டாலர் ஜெயித்த காணொளியைத் தங்கச்சி எனக்கு மூன்று முறை அனுப்பிவிட்டாள். மூன்று முறையும் பார்த்தேன், மூன்று முறையும் வாயைப் பிளந்தேன். ஆனால் அந்தப் பையனுக்கு வீடு சென்னையிலேயே இருந்தது என்பதை அவளுக்குச் சொன்னால் கோபம் வருகிறது.

மச்சான் வேறு கட்சி. அவருக்கு டிரினிட்டி காலேஜ் கிரேடு பரீட்சை எழுதினால் போதும். எட்டு கிரேடு, எட்டு சான்றிதழ், சட்டம் போட்டு மாட்டச் சுவரில் இடம் பார்த்துவிட்டார். லண்டன் ராயல் அகாடமியில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சனிக்கிழமைப் பள்ளி நடக்கிறதாம், அதுபோல இங்கேயும் வந்துவிட்டது என்று எனக்குப் பாடம் எடுத்தார். லண்டன் பிள்ளை காலையில் ரயில் ஏறி, படித்துவிட்டு, ராத்திரி தன் கட்டிலில் தூங்கும். நம் பிள்ளை வெள்ளி ராத்திரி ரயில் ஏறி, சனி ஞாயிறு யார் வீட்டிலோ பாய் விரித்து, ஞாயிறு ராத்திரி மறுபடி ரயில் ஏறி, திங்கள் விடியுமுன் மொரப்பூரில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட வேண்டும். அவளைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் கூட ஒருவர். போக வர அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டே நாள்தானே!

இந்தக் கன்சர்வேட்டரி என்ற சொல்லை வைத்து மச்சானைக் கொஞ்சம் சீண்டினேன். இத்தாலியில் 16-ஆம் நூற்றாண்டில் 'கன்சர்வத்தோரியோ' என்றால் அநாதைப் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்க்கும் இடம். நேப்பிள்ஸ் நகரத்துக் காப்பகங்களில் பிழைப்புக்கு வழியாகப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார்கள். அது நன்றாக ஊன்றிவிட்டதால், பிற்காலத்தில் காப்பகத்தின் பெயரே இசைப்பள்ளிக்கு ஆகிவிட்டது. "அப்ப என் பொண்ணை அநாதைங்கறீங்களா?" என்று அவர் முறைத்தார். நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பிள்ளைகள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கினார்கள். நம் குருகுலமும் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் ஆரம்பித்த பாலர் சபாவும், எம்.ஜி.ஆர். சிறுவனாகப் போய்ச் சேர்ந்த பாய்ஸ் கம்பெனியும் அப்படித்தான். அடி உண்டு, அரைவயிறு உண்டு, அதையெல்லாம் நான் புகழவில்லை. ஆனால் அங்கே எந்தப் பிள்ளையும் பாட்டுக்கு நடுவில் எழுந்து, "சார், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொன்னதில்லை.

பஸ் என்று வந்துவிட்டதால், வழக்கமான வாசகர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். "மறுபடியும் அந்தச் சின்ன ரயிலா?" என்று போன மாதமே ஒருவர் கடிதம் போட்டிருந்தார். ஆமாம், மறுபடியும்தான்.

1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் ஓடியது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக என்று போட்ட பாதை. 1913-இல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். 1941-இல் யுத்தத்தைச் சொல்லி நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், தண்டவாளம் மட்டும் திரும்பவில்லை. 36 கிலோமீட்டர் புதுப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்குக் கொடுத்த மிட்டாயை நானும் வாங்கித் தின்றேன். இன்றைக்கும் மொரப்பூரிலிருந்து ரயிலில்தான் தருமபுரிக்குப் போவேன் என்று ஒருவன் அடம்பிடித்தால், தெற்கே சேலம் போய், ஓமலூர் வழியாகத் திரும்ப வடக்கே ஏற வேண்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது என்பார்களே, அதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் டிக்கெட்டே எடுக்கலாம்.

இதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? தருமபுரியில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது, ஐந்து வயது முதல் பதினாறு வரை, சனி ஞாயிறுகளில் பாட்டு, பரதம், ஓவியம் என்று சொல்லித்தருகிறார்கள். கோட்டு போட்ட பையன் படம் போட்டு விளம்பரம் செய்யாததால் தங்கச்சி கண்ணில் படவில்லை. கிருஷ்ணகிரியிலும் சேலத்திலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதம், மூன்று வருஷப் படிப்பு. நாதசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மற்றதற்கு ஏழாம் வகுப்பு. ஆனால் அது வாரநாள் படிப்பு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒத்துவராது. குட்டி ரயில் இருந்திருந்தால், தருமபுரி மன்றத்துக்குப் பிள்ளை தானே ஏறிப் போய்விட்டு வந்திருக்கும். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேசய்யர் காதில் விழுந்தார் என்பார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் எத்தனை குரலைச் சேர்த்துப் பெயர்த்தார்களோ. சரி, நிறுத்திக்கொள்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். இதை இந்தப் பத்தியில் எழுதியதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா என்னை அரூரில் ஒரு வாத்தியாரிடம் மிருதங்கம் கற்கச் சேர்த்தார். பகலில் தையல் கடை, ராத்திரியில் நாடகத்துக்கும் பஜனைக்கும் வாசிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, மெஷினை மூடிவிட்டு, துணித் துண்டுகளைக் காலால் ஒதுக்கி எனக்கு இடம் செய்வார். தா, தீ, தொம், நம். மறுபடி தா, தீ, தொம், நம். ஒரு மணி நேரம் எனக்கு. அப்புறம் அவருடைய ஆர்மோனியக்காரக் கூட்டாளி வருவார், டீ வரும், இருவரும் தங்களுக்காக வாசிக்க ஆரம்பிப்பார்கள். சரியாக அப்போது எனக்குக் கடைசி பஸ். எட்டு பத்து. வாத்தியார் வாசிக்க உட்கார்வதை இரண்டு வருஷம் பார்த்தேன், முடித்து எழுந்ததை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தெருமுனை வரை சத்தம் துரத்தும். அதற்கப்புறம் கண்டக்டர் விசில்தான்.

ஒரு சனிக்கிழமை பஸ் எட்டு மணிக்கே போய்விட்டது. போனில் சொல்ல எங்கள் வீட்டில் ஏது போன்? திரும்பிக் கடைக்கு வந்தேன். "படு" என்று துணி வெட்டும் பலகையைக் காட்டினார் வாத்தியார். நான் எங்கே படுத்தேன்! ராத்திரி ஒரு மணி வரை வாசித்தார்கள். நடுவில் எங்கேயோ, மாசக் கணக்கில் நான் தட்டிச் சலித்த அந்தத் தா தீ தொம் நம் அவர் கையிலிருந்து வந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் பலகையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, வேண்டுமென்றே அதையே இன்னும் இரண்டு முறை, இரட்டிப்பு வேகத்தில் வாசித்துக் காட்டினார். இரண்டு வருஷத்துப் பாடம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

விடிகாலை முதல் பஸ்ஸில் அப்பா வந்தார். வாத்தியார் எதிரிலேயே ஒரு அறை. அதோடு மிருதங்கம் முடிந்தது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்கக் கிணறு கிணறாய்ப் பார்த்திருக்கிறார்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து விடிய விடிய நடப்பதற்கு அறிஞர்கள் பல காரணம் எழுதியிருக்கிறார்கள். பாரதக் கதையின் நீளம், திரௌபதி அம்மன் சடங்கு, எல்லாம் சரிதான். எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு, ஆய்வாளர்கள் சிரிக்கட்டும். பத்து ஊரிலிருந்து வரும் சனம் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறது. இனி முதல் பஸ் வரை அது எங்கே போகும்? கட்டியங்காரன் அவசரமே படாமல் ஊர் வம்பு பேசுவான். ஆர்மோனியக்காரர் ஒரே அடியைப் பத்துத் தடவை திருப்பி வாசிப்பார். முகவீணை பனியில் நனைந்து, இரண்டு மணிக்கு மேல்தான் உள்ளபடி பேச ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மேடை ஓரம் ஆர்மோனியத்தை ஒட்டிச் சின்னப் பிள்ளைகள் சிலர் தூங்காமல் உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருக்கிறேன். ஒரு கை தானாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

தங்கச்சி நேற்று மறுபடி வந்தாள். விசாரித்து வைக்கச் சொன்ன விவரம் கேட்டாள். என்னிடம் இருந்தது தருமபுரி பஸ் நேரம் எழுதிய துண்டுச் சீட்டு மட்டும். ஜூனில் சனிக்கிழமை மன்றத்துக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன். சென்னையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றதற்கு அவள் முகம் சுருங்கியது. மச்சான் சுவரைப் பார்த்தார். வருகிற வெள்ளிக்கிழமை கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு ஊரில் கூத்து இருக்கிறது, ஆர்மோனியக்காரர் எனக்குத் தெரிந்தவர், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்பார், கூட்டிக்கொண்டு போகவா என்றும் கேட்டேன்.

"எத்தனை மணிக்கு வூடு திரும்புவீங்க?" என்றாள் தங்கச்சி.

"முதல் பஸ்ல" என்றேன்.

பதில் சொல்லாமல் மகளைப் பார்த்தாள். அவள் அதற்குள் போர்வை எடுக்கப் போய்விட்டிருந்தாள்.